மலையில் பாரம் இழுக்கப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்குவது: ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் டிரெய்லர். அதில் பழுதான பவர் டில்லர் ஒன்று, அதன் மேல் நாலைந்து மூட்டை பீட்ரூட். அரவேனு தாண்டி, குஞ்சப்பனைக்குச் சற்று மேலே, இரண்டாவது கியரில் அமைதியாக வந்துகொண்டிருந்த வண்டி திடீரென்று 'டக்' என்று நியூட்ரலில் விழுந்தது. எஞ்சின் சத்தம் அடங்கியது, வண்டியின் வேகம் கூடியது. பிரேக்கை மிதித்தேன். முதல் மிதிக்கு நின்றது போல் இருந்தது, இரண்டாவது மிதிக்கு மிதிகட்டை கால் விரல் வரை இறங்கியது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்து, இடப்பக்க மண் மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். இறங்கி நின்றபோது முழங்கால் இரண்டும் நடுங்கின. நான்கு சக்கரத்திலும் கரிந்த வாடை.

அந்த வண்டியை வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சமவெளியில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது. நானும் கவனமில்லாமல் வாங்கிவிடவில்லை. ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன், புகை பார்த்தேன், ஆயில் பார்த்தேன். இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கும், என்னிடம் வந்து கேட்கும் அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் ஏழெட்டு வண்டிகள் பார்த்து வாங்கியிருக்கிறேன். எல்லாம் பாரம் இழுக்க, எல்லாம் நிறைய ஓட. அந்த அனுபவத்தை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மலைக்கு வண்டி வாங்குபவர், அது எவ்வளவு ஏற்றும் என்று கேட்பதற்கு முன் எவ்வளவை அடக்கி இறக்கும் என்று கேட்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்காகத்தான்.

முதல் படி: பாரத்தைக் கணக்கிடுங்கள்

வண்டியைத் தேடுவதற்கு முன் டிரெய்லரை எடை போடுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் தண்ணீரே ஒரு டன். டிரெய்லரின் இரும்பு, அச்சு, டயர் எல்லாம் சேர்த்து இன்னும் 300 கிலோவாவது இருக்கும். பவர் டில்லர், ஜெனரேட்டர், மருந்தடிக்கும் இயந்திரம், பசுமாடு என்று எதை இழுத்தாலும் மேட்டுப்பாளையத்தில் ஏதாவதொரு எடை மேடையில் ஒரு முறை ஏற்றி உண்மையான எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கண் மதிப்பு எப்போதும் குறைத்தே சொல்லும்.

இப்போது அந்த எண்ணை வைத்து ஒரு சின்னக் கணக்கு. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வண்டி இரண்டு டன், டிரெய்லர் ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், மூன்று டன் எடை சுமார் 33 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 1,450 மீட்டர் கீழே வருகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், சுமார் 125 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு கல்யாணப் பந்திக்கு அடுப்பில் ஏற்றும் பெரிய அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் வாங்கிக்கொள்ளாத பங்கை பிரேக்தான் வாங்கும். நான்கு டிஸ்கும் டிரம்மும் அத்தனையையும் வாங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் குஞ்சப்பனையில் பார்த்தேன்.

நம் மலை ரயிலைக் கவனித்திருக்கிறீர்களா? கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும், இறங்கும்போது கீழிருந்து தாங்கிக்கொண்டு வரும். போதாததற்குப் பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஓர் ஆள். 1899இல் அந்தப் பாதையைத் திறந்தவர்களுக்கு இறக்கத்தின் மீது எவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. நாம் டிரெய்லர் இழுக்கும்போதும் வண்டிதான் கீழே நின்று தாங்குகிறது. ஆனால் டிரெய்லருக்குப் பிரேக் பிடிக்க அங்கே ஆள் இல்லை, பெரும்பாலும் பிரேக்கே இல்லை.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் அளவு இது: பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், சரக்கோடு சேர்த்து அதன் எடை வண்டியின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. பிரேக் உள்ள டிரெய்லர் என்றாலும் மலைப்பாதையில் வண்டியின் எடைக்கு மேல் போகக் கூடாது. வெளிநாட்டு விளம்பரங்களில் மூன்று டன், மூன்றரை டன் இழுக்கும் என்று போட்டிருப்பதை நம்பி அதே பெயருள்ள வண்டியை இங்கே வாங்காதீர்கள். அங்கே டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கும், எஞ்சின் வேறாக இருக்கும், கொக்கி தொழிற்சாலையிலேயே பொருத்தியதாக இருக்கும்.

தண்ணீர்த் தொட்டி இழுப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. பாதி நிரம்பிய தொட்டி முழுத் தொட்டியைவிட மோசம். கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக அலையடித்து வண்டியின் பின்பக்கத்தையே தள்ளும். தடுப்புத் தகடு இல்லாத தொட்டியானால் முழுதாக நிரப்புங்கள், அல்லது காலியாகக் கொண்டுபோங்கள்.

இரண்டாவது படி: எந்த வகை இயக்கம்

கடையில் எல்லாவற்றையும் 'ஃபோர் வீல்' என்றுதான் சொல்வார்கள். நமக்குத் தேவை 'லோ' கியர் உள்ள வண்டி. முன், பின் அச்சுகளுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால், எந்தக் கியரில் போனாலும் வண்டி ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாக ஊர்ந்து, எஞ்சின் அத்தனை மடங்கு வலுவாகப் பிடித்துக்கொள்ளும். மழையில் ஊறிய தோட்டப் பாதையில் டிரெய்லரோடு இறங்கும்போது உயிர் காப்பது இந்த லோதான். நான்கு சக்கரமும் சுற்றுகிறது, ஆனால் லோ இல்லை என்ற வகைக் கார்களும் சந்தையில் உண்டு. மழைநாளில் குடும்பத்தோடு ஊட்டி போய்வர அவை அருமையானவை, பாரம் இழுக்க வேண்டாம்.

இன்னொன்று, தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய வண்டியாக இருக்கட்டும். மெக்கானிக்குகள் 'சேஸிஸ் வண்டி' என்பார்கள். டிரெய்லர் கொக்கியின் இழுப்பும் உதறலும் அந்தச் சட்டத்தில்தான் இறங்க வேண்டும்.

தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் வகையே நம் பக்கத்தில் அதிகம். இதைக் காய்ந்த தார்ச் சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும், நடுவில் அதற்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இவற்றில் இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் இறுகிக்கொண்டு, வண்டி தத்தித் தத்திப் போகும், உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். பழைய வண்டியை வாங்கும்போது முந்தைய உரிமையாளர் இந்தத் தவறைச் செய்தாரா என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். "எப்பவும் ஃபோர் வீலில்தான் ஓட்டுவேன், கிரிப் நல்லா இருக்கும்" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாவது படி: எந்த வண்டி

இதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். என் கருத்தைச் சொல்கிறேன்.

மாருதி ஜிப்ஸி மீது நம் மலைக்காரர்களுக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அது ஒரு டன்னை ஒட்டிய எடைதான். எடை குறைந்த வண்டியை டிரெய்லர் தள்ளிவிடும். மேலும் அதன் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கிடையாது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வலு போய்விடும். தனியாகக் காட்டுப் பாதையில் திரிய ஜிப்ஸி, இழுக்க வேறு.

2010 முதல் 2020 வரை வந்த பழைய மஹிந்திரா தார், அதிலும் சி.ஆர்.டி.இ. எனப்படும் காமன் ரெயில் டீசல், நம் தேவைக்கு நன்றாகப் பொருந்தும். லோ கியர் உண்டு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், கோத்தகிரியிலேயே கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். குறை, அதன் குட்டை உடல். நீளம் குறைந்த வண்டியை நீளமான டிரெய்லர் எளிதாக ஆட்டிவிடும். சிறிய டிரெய்லர், குறைந்த வேகம் என்றால் கவலையில்லை. ஸ்கார்பியோ ஃபோர் வீல் வண்டிகள் நீளம், எடை இரண்டிலும் மேல். ஆனால் அதில் லோ போடுவது திருகு பொத்தானும் மின் மோட்டாரும் கொண்ட ஏற்பாடு. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்ட வண்டியில் அது இறுகிப்போயிருக்கும், கட்டாயம் சோதியுங்கள்.

பொலிரோ கேம்பர் ஃபோர் வீல் கிடைத்தால் விவசாயிக்கு அதைவிட நல்ல தேர்வு குறைவு. சரக்கில் பாதியை வண்டியின் பின்தொட்டியிலேயே ஏற்றிவிடலாம், டிரெய்லரின் சுமை குறையும். அது சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் எப்.சி. எனும் தகுதிச் சான்றின் காலக்கெடுவை மறக்கக் கூடாது: எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பின் ஆண்டுதோறும்.

2016இல் வந்த இசுஸு வி-கிராஸ் பிக்கப்பை நான் மனதார விரும்புகிறேன். 2.5 லிட்டர் டீசல், நீண்ட உடல், ஏறக்குறைய 1,900 கிலோ எடை. கொண்டை ஊசி வளைவுகளில் டிரெய்லரோடு திருப்ப இடம் அதிகம் கேட்கும் என்பது மட்டுமே குறை. முதல் தலைமுறை ஃபார்ச்சூனர், 3.0 லிட்டர் டீசல், ஏறக்குறைய இரண்டு டன் எடை. இறக்கத்தில் மலை போல் நிற்கும். லட்சக்கணக்கில் ஓடியும் சலிக்காத எஞ்சின். ஆனால் அதன் டைமிங் பெல்ட்டை ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் மாற்றியிருக்க வேண்டும், ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். எண்டவர் 3.2 வலுவான வண்டிதான், ஆனால் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது 2021இல். சின்னப் பாகம் ஒன்றுக்காக வண்டி வாரக்கணக்கில் நிற்கலாம். தினப்படி பிழைப்புக்கு அது ஒத்துவராது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். கோத்தகிரி கடைவீதிக்கும் தோட்டத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒரு முறையாவது சமவெளியில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குத்தான் அந்த வகை.

நான்காவது படி: ஓடிய கிலோமீட்டரைப் படிப்பது

கோத்தகிரி–மேட்டுப்பாளையம் தினம் ஒரு நடை போய்வந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 24,000 கிலோமீட்டர் ஓடிவிடும். இதையே நான்கு வழிச்சாலையில் ஓட்டிய வண்டியோடு ஒப்பிட முடியாது. மலையில் ஓடிய 70,000 கிலோமீட்டரில் கிளட்ச் இரண்டு முறை மாறியிருக்கும், பிரேக் ஷூ கணக்கில்லாமல் மாறியிருக்கும். நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் ஓடி, முறையாக ஆயில் மாற்றிய வண்டி அதைவிட இளமையாக இருக்கலாம். எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எஸ்டேட் ஜீப்புகளில் எண் மிகக் குறைவாக இருக்கும். லோ கியரிலேயே நாளெல்லாம் ஊர்ந்தவை அவை. கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு மட்டும் ஏறியிருக்கும்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்க மூன்று இடங்கள் போதும். கிளட்ச் மிதிகட்டையின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு, கியர் குமிழி. 60,000 காட்டும் வண்டியில் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. ரப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். வெவ்வேறு உயரமுள்ள டயர்களோடு ஃபோர் வீலில் ஓடிய வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் நிறைய அடி வாங்கியிருக்கும்.

ஐந்தாவது படி: வண்டி எங்கே வாழ்ந்தது

கடலோர வண்டியைத் துரு தின்னும், மலை வண்டியை மூடுபனி தின்னும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எதுவும் காப்பாற்ற முடியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவிப் பளபளப்பாக்கப்பட்டு சந்தைக்கு வந்தன. இருக்கைப் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பாருங்கள். யாரும் கழுவ நினைக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில் செம்மண் கோடு இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இருக்கை நகரும் தண்டவாளத்தின் திருகாணிகளும் உண்மையைச் சொல்லும்.

வெளிமாநில வண்டி மலிவாக வரும். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்த பிறகு அங்கிருந்து தெற்கே வந்தவை நிறைய. வண்டி நன்றாகவே இருக்கலாம். தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டின் வரி எல்லாம் சேர்த்த பின் மலிவாக இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள்.

ஆறாவது படி: விடியற்காலையில் போய்ப் பாருங்கள்

விற்பவரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் அண்ணா" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஏதோ ஒன்றை மறைக்கக் காலையிலேயே ஓட்டியிருக்கிறார்கள். மார்கழி, தை மாத உறைபனிக் காலம் இதற்கு மிகச் சிறந்த காலம். புல்லெல்லாம் வெண்மையாக இருக்கும் காலையில் ஒரு டீசல் எஞ்சின் எப்படி எழுந்திருக்கிறது என்பதை வைத்தே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெண்புகை வந்து ஓரிரு நிமிடத்தில் நின்றால் பயமில்லை. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. முடுக்கும்போது கரும்புகை கக்கினால் இன்ஜெக்டரையோ டர்போவையோ பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் சரி. தூக்கி எறியப்பட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

பலரும் கவனிக்காத ஒன்று, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட். சமவெளியில் வண்டி சூடாகிறது என்றால் சில மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அந்த வண்டி மலைக்கு வந்தால் எஞ்சின் சூடே ஏறாது. டீசல் அதிகம் குடிக்கும், எஞ்சின் சீக்கிரம் தேயும். பத்து கிலோமீட்டர் ஓடியும் வெப்ப முள் கீழேயே படுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். அதைவிட முக்கியம், ஏன் கழற்றினார்கள் என்ற கேள்வி. ரேடியேட்டர் அடைப்பை மறைக்கத்தான் பெரும்பாலும் கழற்றியிருப்பார்கள்.

ஏழாவது படி: அடியில் படுத்துப் பாருங்கள்

ஒரு சாக்கை விரித்து வண்டியின் அடியில் நீங்களே படுங்கள். டார்ச் வேண்டும், திருப்புளி வேண்டும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் திருப்புளியின் பிடியால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் தொப்பென்று கேட்கும்.

முந்தைய உரிமையாளர் பாரம் இழுத்தாரா என்பதை அவர் சொல்லாவிட்டாலும் வண்டி சொல்லும். பின் பம்பருக்கு அடியில் கொக்கி மாட்டிக் கழற்றிய துளைகள், வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். பின் விளக்கு வயரில் நடுவே வெட்டி ஒட்டிய டேப் இருக்கும். ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகிப் போயிருக்கும், அல்லது ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சொருகியிருக்கும். இழுத்த வண்டி என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஆனால் ஸ்பிரிங் தொங்கும் கொண்டிக்கு அருகே சட்டத்தில் முடி அளவு விரிசல் கண்டாலும், வெல்டிங் வைத்த தடம் கண்டாலும் ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு அச்சுக்கு வலுவைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகுங்கள். அதன் முனை மூட்டான 'கிராஸ்' தேய்ந்திருந்தால் கையிலேயே ஆட்டம் தெரியும். முன் அச்சு, பின் அச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயில் கசிவைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

எட்டாவது படி: ஓட்டிப் பார்ப்பது

ஏற்றச் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செங்குத்தான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் மட்டும் தாங்குகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்றாவது கியரில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

அடுத்து, ஒரு மண் தரையில் லோ போடச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. ஒருவரை வெளியே நிறுத்தி, ஈரப் புல்லிலோ சேற்றிலோ முன் சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்று பார்க்க வைக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று கேட்டால் அச்சு மூட்டு போய்விட்டது.

இப்போது இறக்கம். கோத்தகிரி சாலையோ, குன்னூரிலிருந்து பர்லியார் இறங்கும் சாலையோ, குறைந்தது எட்டு பத்து கிலோமீட்டர் இறங்க வேண்டும். விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். குறை இருக்கும் வண்டியை அந்தச் சரிவு மன்னிக்காது.

இரண்டாவது கியரில் இறங்குங்கள். மலைப்பாதை தொடங்கும் இடத்திலேயே இரண்டாவது கியரில் செல்லச் சொல்லிப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டு, கியர் குமிழியின் மேல் உள்ளங்கையை லேசாக, அழுத்தாமல், வையுங்கள். தேய்ந்த கியர் பெட்டி அந்த உள்ளங்கைக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். குமிழி உள்ளங்கைக்குள் துடிக்கும், மெல்ல நியூட்ரல் பக்கம் நகரப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடுங்கள், மறுபடி அழுத்தி விடுங்கள், பத்து முறை. ஏற்றத்தில் எஞ்சின் வண்டியைத் தள்ளும்போது பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் வண்டி எஞ்சினைத் தள்ளும்போது மறுபக்கம் சாயும், தேய்ந்த பற்கள் அப்போதுதான் நழுவும். என் வண்டி ஏற்றத்தில் உத்தமமாக நடந்துகொண்டதன் காரணம் இதுதான். மூன்றாவது கியரிலும், லோவிலும் இதையே செய்யுங்கள்.

காலை எடுக்கும்போது பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வந்து, அழுத்தும்போது நின்றால், பின் அச்சின் கிரவுன் பல்சக்கரத்தில் தேய்மானம். ஆட்டோமேட்டிக் வண்டியானால், கையால் கியரைக் குறைத்து அதில் பிடித்துவைக்க வழி இருக்கிறதா, இறக்கத்தில் தானாக மேல் கியருக்குத் தாவாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் ஆயில் கருத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் வாங்க வேண்டாம்.

பிறகு பிரேக். நான்கைந்து முறை அழுத்தமாகப் பிடித்து விடுங்கள். மிதிகட்டை ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. ஆண்டில் பாதி நாள் மூடுபனியில் இருக்கும் நம் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றியே தீர வேண்டும்.

ஒன்பதாவது படி: காகிதம்

அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பெயர், எப்.சி., காப்பீடு, கடன் பதிவு நான்கையும் பாருங்கள். சேஸிஸ் எண்ணைச் சட்டத்திலேயே தேடிப் படித்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து, கடன் இருந்தால் படிவம் 35, வெளிமாநிலமானால் படிவம் 28. வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். காப்பீட்டில் விற்பவருக்குள்ள 'நோ கிளெய்ம்' சலுகை உங்களுக்கு வராது, வரும் என்று சொல்லி விலை கூட்டுபவரை நம்பாதீர்கள்.

டி.என். 43 எனும் நீலகிரிப் பதிவுக்கு இப்போது தனி மதிப்பு. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், உள்ளூர்ப் பதிவுக்கு வேண்டாம்.

டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் பதிவு வேண்டும், எண் வேண்டும், காப்பீட்டில் அதன் பெயர் இருக்க வேண்டும். பட்டறையில் செய்து, எண் இல்லாமல் ஓடும் டிரெய்லர் ஒரு விபத்தில் சிக்கினால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். கொக்கி பொருத்துவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். தொழிற்சாலை அமைப்புக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

பத்தாவது படி: வாங்கிய பிறகு

கையிலிருக்கும் பணத்தை முழுவதும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். முதல் வாரமே எல்லா ஆயிலும் மாற வேண்டும்: எஞ்சின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு அச்சு, பிரேக். பிரேக் ஷூ, பேட், குழாய்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள். கொக்கியைப் பம்பரில் அல்ல, சட்டத்தின் இரு கால்களிலும் பொருத்தச் சொல்லுங்கள், கூடவே பாதுகாப்புச் சங்கிலி இரண்டு குறுக்காக. சரக்கோடு சேர்த்த டிரெய்லரின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்தும்படி டிரெய்லரில் அடுக்குங்கள். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் பாம்பு போல ஆடும்.

முதல் முறை பாரத்தோடு இறங்கும்போது பாதி எடையே போதும். பாதி வழியில், அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு இறங்கி, வண்டியின் நான்கு சக்கரம், டிரெய்லரின் இரண்டு சக்கரம், ஆறின் குடத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். எல்லாம் இளஞ்சூடாக இருந்து ஒன்று மட்டும் அனலடித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. வண்டியின் நான்குமே கொதித்தால் இறங்கிய கியர் தவறு. கால் மணி நேரம் ஆறவிட்டு, இன்னும் ஒரு கியர் குறைத்து இறங்குங்கள்.